வயிறு நிறைந்த குட்டிகள்

நவம்பர் 3, ஞாயிறு

முயல் பண்ணைக்காரன் ஆன பிறகு இன்றுதான் முதல் ஈற்று. நாலாம் கூண்டு வெள்ளைத் தாய் விடியற்காலத்தில் குட்டி போட்டிருக்கிறது. பயிற்சிக்குப் போன இடத்தில் தினமும் பண்ணைக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். நான் பனியன் கம்பெனி செக்கிங்கில் குப்பை கொட்டியவன். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதாமல் இருக்க முடியாது. அதனால் வீட்டு விஷயமும் இதில் வந்து விழும்.

தாய் முயல் தன் மார்முடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டுக் குட்டிகளை அதில் விட்டிருந்தது. அவ்வளவுதான் அதன் பாசம். அதற்குப் பிறகு கூண்டின் மறு மூலைக்குப் போய் உட்கார்ந்து அகத்திக்கீரை மென்றது. பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்தேன். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, அதைப் பிடரியில் தூக்கிப் பெட்டிக்குள் விட்டு மூடியை அமுக்கிக்கொண்டேன். அது உதைத்த உதையில் ஒரு குட்டி செத்துப்போனது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"முயல் ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் பால் குடுக்கும். அதுவும் சித்த நேரம்தான். அப்புறம் கிட்ட வராது. அதோட குணமே அதுதான். நீங்க எதுக்குப் போயி அமுக்குனீங்க?"

"குடுத்துச்சா இல்லியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?"

"தாயைத் தொந்தரவு பண்ணாதீங்க. குட்டியோட வயித்தப் பாருங்க. வயிறு நெறஞ்சிருந்தா தாய் அது வேலையப் பாக்குதுன்னு அர்த்தம்."

தாயைப் பார்க்காதே, குட்டி வயிற்றைப் பார். இதைப் பெரிய எழுத்தில் கூண்டுக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாக் குட்டிக்கும் வயிறு கும்மென்று இருந்தது. இன்னும் முடி முளைக்காத தோல் என்பதால் உள்ளே இருக்கும் பால் வெள்ளையாகவே தெரிகிறது. எப்போது கொடுத்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. சந்தோஷம் தாங்காமல் இந்துவைக் கூப்பிட்டேன்.

இந்துமதி என் மனைவி. ஆடியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்துவின் அப்பா படுக்கையில் கிடப்பதால் அம்மா வீட்டில் அதிக நாள் இருக்க முடியாமல் சீக்கிரமே இங்கே வந்துவிட்டாள். பாப்பாவைத் தோளில் போட்டபடி வந்தவள் குட்டிகளைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங், இதுக்கு மார்ல முடியே இல்லீங்களே?"

"அதுவே புடுங்கி மெத்தை போட்டிருக்குது."

"வலிக்காதுங்களா?"

"வலிச்சாப் புடுங்குமா? பாரு, முயலே இத்தனை குட்டிய சத்தமில்லாம வளக்குது. உனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதுக்கே மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் நான் சொன்னதைவிட இரண்டு மடங்கு திருப்பிக் கொடுப்பாள். இன்று பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 9, சனி

நர்ஸம்மா ரெஜினா வந்து பாப்பாவை எடை போட்டார்கள். நல்ல எடை. "தாய்ப்பால் மட்டுந்தான?" என்றார்கள். "வேற ஒண்ணும் குடுக்கறதில்லீங்க" என்றேன். "பாப்பா ஜம்முனு இருக்குது" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாவுக்குத் தூக்கமெல்லாம் வருதா?" என்று கேட்டார்கள். இந்து வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "அதெல்லாம் கும்பகர்ணி" என்றேன். நர்ஸம்மா சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் விழிக்கும்போதெல்லாம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருக்கிறாள். எப்போது படுக்கிறாள் என்று தெரியவில்லை. பால் கொடுப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. யாரிடம் கேட்பது?

நவம்பர் 12, செவ்வாய்

சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது வரப்போரம் புல்லுக்குள் ஒரு காட்டு முயல் குட்டி கிடந்தது. நம் பண்ணைக் குட்டி மாதிரி முடியில்லாமல் கண் மூடியெல்லாம் இல்லை. முழு முடியோடு கண்ணைத் திறந்து பொம்மை மாதிரி அசையாமல் இருந்தது. தாயைக் காணோம். ஐயோ பாவம் என்று சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுபடியும் போன். மறுபடியும் திட்டு.

"அனாதையின்னு உங்ககிட்ட அது சொல்லிச்சா? காட்டு முயல் குட்டிகளத் தனித்தனியா ஒளிச்சு வெச்சுட்டுத் தள்ளிப் போயிரும். பொழுது சாயறப்ப வந்து பால் குடுக்கும். எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடுங்க. அது காட்டு ஜீவன், வீட்டுல வெச்சிருந்தா கேசாயிரும்."

கொண்டுபோய் விட்டேன். இந்தத் தாய்களை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. எங்கள் வெள்ளாடு குட்டி கத்தினால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவருகிறது. மாடு கன்றை நக்கியே தோலை உரித்துவிடும் போல நக்குகிறது. முயல் மட்டும் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. எதுதான் சரியான அம்மா?

நவம்பர் 13, புதன்

சாயங்காலம் இந்துவைக் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனேன். சோளத்தட்டுப் போர் மறைவில் உட்கார்ந்தோம். இருட்டுக் கட்டும் நேரத்தில் தாய் வந்தது. நேராக வரவில்லை. இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் தாவி, வந்த வழி தெரியாதபடி வந்தது. எங்கிருந்தோ குட்டிகள் ஓடிவந்து அடியில் புகுந்தன. வாயில் இருந்த வெற்றிலையை நான் மென்று முடிப்பதற்குள் பால் கொடுத்து முடித்துப் போய்விட்டது.

வரும் வழியில் இந்து நிறையப் பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பேசியதில் எனக்கு நிம்மதி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எதுக்குங்க அது குட்டிகூடவே இருக்கறதில்ல?"

"குட்டி மேல வாசம் இல்லியாம். தாய் மேலதான் வாசம் இருக்குது. கூடவே இருந்தா நரி அந்த வாசத்தப் புடிச்சுட்டு வந்துரும்."

"அப்ப அம்மா கூட இருக்கறதுதான் ஆபத்துங்களா?"

"ஆமா. தள்ளி இருந்தாத்தான் குட்டி பொழைக்கும்."

"அது தெரிஞ்சுதான் தள்ளிப் போகுது."

"பின்னே? நம்மளவிட அதுக்கு அறிவு சாஸ்தி."

டாக்டரம்மாவிடம் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. அவளும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள்.

நவம்பர் 16, சனி

மோசமான நாள். ஏழாம் கூண்டுச் சாம்பல் தாய் நேற்றுத்தான் குட்டி போட்டது. இன்று காலையில் செத்துக் கிடக்கிறது. நல்லவேளை, ஒன்பதாம் கூண்டிலும் நேற்றே ஈற்று. தாயில்லாத குட்டிகளை அந்தத் தாயிடம் சேர்த்துவிடலாம் என்றார்கள் டாக்டரம்மா. ஆனால் வேற்று வாசம் தெரிந்தால் கடித்துப்போடும்.

அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தாய் பிடுங்கிப் போட்ட முடியை எடுத்துப் புதுக் குட்டிகள்மேல் நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு தாயின் மூக்கில் துளி விக்ஸ் தடவிவிட வேண்டும். கொஞ்ச நேரம் அதற்கு எந்த வாசமும் தெரியாது. விக்ஸ் காரம் போவதற்குள் எல்லாக் குட்டிக்கும் ஒரே வாசம் வந்துவிடும். பிறகு தன்னுடையது எது, வந்தது எது என்று அதற்கே தெரியாது.

இந்துதான் குட்டிகளைப் பிடித்துக்கொண்டாள். கை பதமாக இருந்தது.

"குட்டிகளுக்குப் பழைய அம்மா ஞாபகம் இருக்காதுங்களா?"

"பால் கெடச்சாச் சரி. ரெண்டு நாள்ல மறந்துரும்."

"அழுகாதா?"

"முயலு எங்க அழுகுது?" என்றேன். அவள் சிரித்தாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள்!

நவம்பர் 17, ஞாயிறு

ஒன்பதாம் கூண்டில் எல்லா வயிறும் ஃபுல். எது யார் குட்டி என்று எனக்கும் தெரியவில்லை. செக்கிங்கில் சொல்வதுபோல, பாஸ்.

நவம்பர் 19, செவ்வாய்

சாவித்திரி அக்காவுக்கு இப்போது ஒரே கொண்டாட்டம். என் கூடப் பிறந்தவள்; இந்து நங்கை என்று கூப்பிடுவாள். அக்கா வீடு இரண்டு தோட்டம் தள்ளி இருக்கிறது. மாமா போர்வெல் லாரியில் வடநாட்டுப் பக்கம் போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். அவர்களுக்குக் குழந்தையில்லை. இப்போதெல்லாம் இந்து காலையிலேயே பாப்பாவைக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டுவிடுகிறாள். பால் கொடுக்க மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறாள்.

சாயங்காலம் நான் தூக்கிவரப் போனபோது பாப்பா அக்காவின் பழைய சேலையில் சுற்றிக் கிடந்தாள்.

"இந்துதான்டா கேட்டு வாங்குனா. தொவைக்காத சேலையாக் குடுங்க நங்கைன்னா. எனக்கே கூச்சமாப் போச்சு" என்றாள் அக்கா. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

பிள்ளையில்லாதவளுக்கு இப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? என் மனைவி தங்கம்.

நவம்பர் 21, வியாழன்

பாலைப் பிழிந்து பாலாடைச் சங்கில் ஊற்றிப் பாப்பாவுக்குப் பழக்குகிறாள். அக்கா மடியில் படுக்கவைத்து அக்கா கையால்தான் புகட்ட வேண்டுமாம். பாப்பா முதலில் துப்பினாள். பிறகு குடித்தாள். மாட்டுப் பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், டப்பாப் பால் எது நல்லது என்றெல்லாம் அக்காவிடம் விசாரித்தாளாம்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"பழகி வெச்சா நல்லதுங்க. நான் இல்லாத நேரத்துல பசியில கெடக்கக்கூடாது பாருங்க."

முன்யோசனைக்காரி. நான்தான் எதையும் கடைசி நிமிஷத்தில் செய்கிறவன்.

நவம்பர் 23, சனி

மழை. தீவன மூட்டை நனைந்துவிட்டது. கூண்டுக்குக் கீழே கழுவிவிட்டேன். இந்து தலை சீவாமல் இருக்கிறாள், சொன்னேன், சரி என்றாள், சீவவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ஒன்றும் புரியவில்லை. அக்கா காலையில் கத்திக்கொண்டே வந்தாள்.

"டேய் பூபதி, உன்ற பொண்டாட்டி பண்ற கூத்தப் பாத்தியா? மார்ல வேப்பங்கொழுந்த அரைச்சுப் பூசியிருக்கறா. கொழந்த வாய வெச்சுட்டு வீல்னு கத்துது. ரெண்டு வயசுப் புள்ளைக்குப் பண்ற வேலைய இந்தப் பச்ச மண்ணுக்குப் பண்றாளே, ஏன்னு கேளு!"

கேட்டேன். இந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாலாடையில நல்லாக் குடிக்கறாளே" என்றாள்.

"அதுக்கு இப்பவே நிறுத்தணுமா? பால் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க. அதான் பயமா இருக்குது."

"பாலுக்கு என்ன பயம்?"

அக்கா துணியை நனைத்துத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதும் இந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எதற்குக் கோபப்படுகிறேன் என்று தெரியவில்லை. பாப்பாவைத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நிறைந்துதான் இருந்தது. குழந்தைக்குக் குறையொன்றும் இல்லை. பிறகு ஏன் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன்?

நவம்பர் 27, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஒன்பதாம் கூண்டுப் பெட்டியைத் திறந்தேன். குட்டிகள் எல்லாம் உருண்டு திரண்டு, வயிறு நிறைந்து, முடி பளபளவென்று கிடந்தன. மனசுக்குள் பாஸ் போட்டுவிட்டு நிமிர்ந்தால் தாய் காலை நீட்டிச் செத்துக் கிடக்கிறது. தூக்கினேன். கனமே இல்லை. முதுகெலும்பு கையில் குத்தியது. மேலே இருந்த முடிதான் இத்தனை நாளும் அதைக் கொழுத்ததாகக் காட்டியிருக்கிறது.

டாக்டரம்மா போனில் கேட்டார்கள். "தீனி எடுத்துச்சா?"

"தட்டு நெறையாத்தாங்க இருந்துச்சு."

"எத்தனை நாளா நெறையா இருந்துச்சு?"

தட்டு நிறைந்திருந்தால் இந்து காலையிலேயே தீவனம் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"அது திங்கவே இல்லீங்க. தன் உடம்பக் கரைச்சுக் குட்டிகளுக்குக் குடுத்திருக்குது. ஒரு தடவையாச்சும் தாயைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"நீங்கதானுங்களே குட்டி வயித்த மட்டும் பாக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னது பால் குடுத்துச்சான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. தாய் நல்லா இருக்குதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு இல்லீங்க" என்றார்கள்.

மற்ற கூண்டு வேலையெல்லாம் முடித்துச் சாயங்காலம் இந்துவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குள் போனேன். ஆள் இல்லை. அடுப்பு மேடையில் ஒரு தட்டு மூடியிருந்தது. திறந்தேன். காலையில் அக்கா கொண்டுவந்து கொடுத்த இட்லி, தொடவே இல்லை. பக்கத்தில் இன்னொரு தட்டு. நேற்று ராத்திரிச் சோறு, காய்ந்து போயிருந்தது. அலமாரிக்குக் கீழே இன்னொன்று, அது எப்போது வைத்தது என்று தெரியாது. தினமும் நான் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடிக்கிறேன். மூடிய தட்டுகளைப் பார்த்திருக்கிறேன். யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் ஒன்றாகக் கலங்கி வந்தது. துவைக்காத சேலை. பாலாடை. வேப்பங்கொழுந்து. இரண்டு நாளில் மறந்துவிடும் என்று சொன்னது யார்? நான். தள்ளியிருந்தால்தான் குட்டி பிழைக்கும் என்று சொன்னது யார்? அதுவும் நான்தான்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். பாப்பா அக்கா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துப் பக்கம் போறேன்னு இப்பத்தான்டா போனா. என்ற காலத் தொட்டுக் கும்புட்டா. இன்னைக்கு என்ன விசேஷம், நோம்பியான்னு கேட்டேன், ஒண்ணுமில்லீங்க நங்கைன்னா. என்னடா, ஏன்டா இப்படி ஓடற?"

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து கூப்பிடவில்லை. மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிக்கொண்டேன். இழுக்கவில்லை, சுற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் வந்தது அவளுக்குத் தெரிந்தது. திரும்பாமலே பேசினாள்.

"நங்கைகிட்ட நல்லாப் பழகிட்டா. இனி அழுக மாட்டாளுங்க."

"இந்து…"

"நான் பக்கத்துல இருந்தா அவளுக்கு ஆகாதுங்க. அழுகறப்ப என்னென்னமோ தோணுது. அவளை என்னமோ பண்ணிப்போடுவனோன்னு இருக்குது. அதான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன். நாந்தாங்க நரி."

நான் எத்தனையோ பேசுகிறவன். முயல் வேறு நாம் வேறு என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "உனக்கு என்ன பண்ணுது சாமி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி புரியாதவள் மாதிரி பார்த்தாள்.

"தெரியலீங்களே" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அவளை மேட்டிலிருந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். மண்ணில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம்.

அக்கா வந்து நின்றாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு இந்துவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த முறை எதையும் மறைக்காமல் சொன்னேன். பிள்ளை பெற்ற சிலருக்கு இது வரும், இது நோய்தான், குணமாகும், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள், விடிந்ததும் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றார்கள். நோயா? தூக்கமில்லாமல், சாப்பிடாமல், என் கண் முன்னால் ஒரு நோய் இத்தனை நாள் நடமாடியிருக்கிறதா? அவள் மேலேயே எனக்கு ஏன் கோபமும் வருகிறது? என்மேல் வருகிற கோபமா அது?

அக்கா அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். நான் இதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நவம்பர் 28, வியாழன்

முதல் பஸ்ஸிலேயே நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முயல்களுக்குத் தீவனம் போடப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். தாயில்லாத அத்தனை குட்டிகளுக்கும் என்ன செய்வது என்று அவர் கேட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன் என்றேன்.

சீட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். பாப்பா என் தோளில் இருந்தாள். இந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். எங்கள் முறை வந்ததும் ஜன்னலுக்குள் இருந்த அம்மா நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"கொழந்தைங்க வார்டு அந்தப் பக்கம். பாப்பாவுக்கு என்னங்க?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். என்ன வியாதி என்று சொல்வது, இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பறம் சீட்டு யாருக்குங்க?"

இந்து அக்காவின் கையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்குங்க" என்றாள். "பேரு இந்துமதி."